காய்ச்சிய பறையும் சூடேற்றிய எஞ்சினும்

பறையடிக்கும் கலைஞர்கள் அடிக்கத் தொடங்குமுன் வைக்கோலையோ சருகையோ கூட்டித் தீமூட்டி, அதன்மேல் பறையின் முகத்தைக் காட்டிக் காய்ச்சுவதைச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் காணாதவர் இரார். ஈரத்தில் தளர்ந்த தோல் வெப்பத்தில் இறுகும். இறுகிய பின்னரே ஓசை திறக்கும். இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையான உறவினர் ஒருவர் நம் இலக்கியத்தில் உண்டு. நெடுநல்வாடையில் கூதிர்க் காலத்து நகரைப் பாடும் நக்கீரர், தண்மையால் இசை திரிந்துபோன யாழின் நரம்பை ஆடல் மகளிர் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்குக் கொண்டுவருவதைக் காட்டுகிறார். மாணவர்க்கு அப்பகுதியை நடத்தும்போது பெரும்பாலும் அழகுணர்ச்சியைப் பேசிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அதிலுள்ள தொழில்நுட்பச் செய்தி நம் கண்ணில் படுவதில்லை. குளிர் கருவியைக் கெடுக்கும். தொழிலுக்கு முன் அதற்குப் புறத்திலிருந்து வெம்மை ஊட்டவேண்டும் என்பதே அச்செய்தி.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கருவி யாழுமன்று, பறையுமன்று. டீசல் லாரியின் எஞ்சினும், அதைச் சூடேற்றுவதற்காக அதனுள்ளிருந்து வெளியே வந்து தொங்கும் ஒரு மின்வடமுமே இங்கு நம் பொருள். கனடாவின் எட்மன்டன், வின்னிபெக் போன்ற நகரங்களில் குளிர்காலத்தில் வண்டிகளின் முன்முகத்திலிருந்து முழநீள ஒயர் ஒன்று பிளக்குடன் தொங்குவதைப் பார்க்கலாம். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுவதுபோல இரவில் வண்டியை ஒரு மின்கம்பத்தில் அந்த ஒயரால் பிணைத்துவிடுவார்கள். மூக்கணாங்கயிறு என்று நாம் பெயரிட்டாலும் பொருந்தும். மார்கழி விடியலிலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும் நம் ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று வாசகர் கேட்கக்கூடும். எஞ்சினைத் தொடக்கும்முன் நெருப்புக் காட்டும் வழக்கம் குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் மாகாணத்துக் கிணற்றுமேடுகளுக்கும் ஆலைகளுக்கும் ஒரு காலத்தில் அது அன்றாடச் செயல். வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே முறை.

கமலையில் மாடுகட்டி நீரிறைத்த மண்ணில் எண்ணெய் எஞ்சின் நுழைந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கும் குரோம் முறைத் தோல் பதனிடுதலுக்கும் இம்மாகாணத்தில் வழிகாட்டியவர். கிணற்று நீரை எஞ்சின் கொண்டு இறைக்கலாம் என்று சோதனை செய்து, உழவர் அதை வாங்க அரசுக் கடன் கிடைக்கவும் வழிசெய்தவர் அவரே. அக்காலத்து எண்ணெய் எஞ்சின்களுள் பெரும்புகழ் பெற்றிருந்த வகை, சுடுகுமிழ் எஞ்சின். ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்பவர் 1890இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் கிரந்தம் நகரத்து ஹார்ன்ஸ்பி நிறுவனம் சில ஆண்டுகளிலேயே அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்வந்த பலர் அதே கொள்கையில் பலவாறு செய்தனர்.

அதன் இயக்கம் எளிது. சிலிண்டரின் தலைப்பக்கத்தில் வார்ப்பிரும்பாலான குடுவை ஒன்று இருக்கும். மண்ணெண்ணெயில் எரியும் ஊதுவிளக்கை, அதாவது புளோலாம்பை, அதன் அடியில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் சீறவிடவேண்டும். குடுவை மங்கிய சிவப்பேறியதும் கனத்த சக்கரத்தைக் கையால் உந்திச் சுழற்றினால், உள்ளே தெறிக்கும் எண்ணெய் சுடுகுமிழில் பட்டு ஆவியாகித் தீப்பற்றும். ஓடத் தொடங்கிவிட்டால் எரிதலின் வெப்பமே குமிழைச் சிவக்க வைத்திருக்கும், விளக்கை அணைத்துவிடலாம். பாரமின்றி நெடுநேரம் சும்மா ஓடவிட்டால் குமிழ் குளிர்ந்து எஞ்சின் நின்றுபோவதும் உண்டு. வேலை கொடுக்காவிட்டால் அணைந்துவிடும் எந்திரம் அது. ஜெர்மனியில் லான்ஸ் நிறுவனம் 1921இல் வெளியிட்ட ‘புல்டாக்’ டிராக்டரும் இவ்வினத்ததே. உழவன் காலையில் முதலில் செய்யும் வேலை அதன் மூக்கில் விளக்கு வைப்பதுதான்.

இவ்விளக்கை நம் நாட்டிலிருந்து விரட்டியவை இரண்டு. ஒன்று, வெளிநெருப்பு வேண்டாத டீசல் எஞ்சின், மற்றொன்று மின்சாரம். பைக்காரா 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் மின்னாக்கத் தொடங்கின. பாபநாசத்து மின்சாரமே அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு வாயில். அதன்பின் சில பத்தாண்டுகளில் கிணற்றுக்கு மின்மோட்டார் பொருத்துவதில் இந்தியாவிலேயே முன்னணியில் நின்ற மாநிலங்களுள் ஒன்றாக நம்முடையது ஆயிற்று. ஸ்விட்சைத் தட்டினால் நீர் வரும் இடத்தில் விளக்கும் சக்கரமும் யாருக்கு வேண்டும்? எஞ்சினுக்குத் தீக்காட்டும் பழக்கம் பாட்டன் காலத்துக் கதையாயிற்று. மின்கம்பி வந்தால் நெருப்பு விலகும் என்பதை இவ்விடத்தில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. நாம் சொல்லவரும் வரலாறு முழுவதும் அந்த அச்சில்தான் சுழல்கிறது.

ருடால்ஃப் டீசலின் பெருமை வெளிநெருப்பை ஒழித்ததில் உள்ளது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டப்பட்ட அவர் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டைப் பயன்படு வேலையாக்கியது. நீராவி எஞ்சின்கள் அதில் பாதியைத் தொடுவதே கடினமாயிருந்த காலம் அது. விளக்கும் இல்லை, தீப்பொறிப் பிளக்கும் இல்லை. காற்றைச் சிறிய இடத்துக்குள் வன்மையாக அழுத்தினால் அது தானே கொதிக்கும். அக்கொதிப்பில் எண்ணெயைத் தெளித்தால் தானே எரியும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டறிந்த சிறுவனுக்கு இதன் தத்துவம் தெரியும்.

ஆனால் அழுத்தத்தால் வரும் வெப்பம், தொடங்கும் வெப்பத்தின் மடங்கு. வங்கியில் முதல் குறைந்தால் வட்டியும் குறைவதுபோல, உள்ளே புகும் காற்று குளிர்ந்திருந்தால் அழுத்தியபின் கிடைக்கும் சூடும் குறையும். பதினேழு பங்கை ஒரு பங்காக அழுத்தும் எஞ்சினை எடுத்துக்கொண்டு ஏட்டுக் கணக்குப் போட்டால், நம் ஊர்க் காற்று 30 பாகை செல்சியஸில் புகுந்து 540 பாகையை எட்டும். சுழிக்குக் கீழே 30 பாகையில் புகும் காற்று 380 பாகை அளவில் நின்றுவிடும். எரிபொருள் பற்றிக்கொள்ள இது போதாதா என்றால், ஏட்டில் போதும், நடப்பில் போதாது. பனியில் உறைந்த இரும்புச் சுவர் அந்தச் சூட்டைக் கணத்தில் உறிஞ்சிவிடுகிறது. எஞ்சின் மெல்லச் சுழல்வதால் அழுத்திய காற்று பிஸ்டன் வளையங்களின் வழியே கசிய நேரமும் கிடைக்கிறது. மெல்லச் சுழல்வது ஏனென்றால் மசகெண்ணெய் பாகாய் இறுகியிருக்கிறது. அதைச் சுழற்றவேண்டிய பேட்டரியோ சுழிக்குக் கீழே 18 பாகையில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்து நிற்கிறது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒருசேர விழும் காட்சிதான். இதற்கும் மேலாக டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. குளிரில் அது முதலில் மேகம்போல் கலங்கி, பின் வடிகட்டியை அடைத்து, இறுதியில் எண்ணெயே கூழாகிவிடுகிறது.

ஆக, டீசல் ஒழித்த நெருப்பைக் குளிர் மறுபடி அழைத்துவந்தது. எஞ்சினைச் செய்தவர்கள் இதற்குத் தீர்வு காணாமல் இல்லை. சிலிண்டருக்குள் மின்சாரத்தால் சிவக்கும் சிறு குச்சியான ‘க்ளோ பிளக்’ அத்தகையது. இங்கிலாந்தின் ‘ஃபீல்டு மார்ஷல்’ டிராக்டரில் வெடியுப்பு ஏற்றிய காகிதச் சுருளைக் கனலவைத்து, ஒரு திருகாணியின் முனையில் செருகி எஞ்சினின் தலைக்குள் முடுக்கும் வழக்கம் இருந்தது. ஊதுபத்தி ஏற்றி வழிபட்டுத் தொடங்குவது போன்ற காட்சி. எனினும் கடுங்குளிரில் இவை தனியே கைகொடுப்பதில்லை. முழு இரும்புமே குளிர்ந்து கிடக்கும்போது ஒரு மூலையில் வைத்த அகல் என்ன செய்யும்?

எனவே வண்டியை வைத்திருந்தவர்கள் தாமே வழிகண்டனர். கனடாவின் வடபகுதியிலும் அலாஸ்காவிலும் சிறுவிமானம் ஓட்டியவர்கள், இறங்கியதும் எஞ்சின் எண்ணெயை வாளியில் வடித்துக் குடிசைக்குள் அடுப்பருகே வைத்துக்கொள்வார்கள். காலையில் எஞ்சினைக் கித்தானால் மூடி, அதனுள் தீச்சட்டி வைத்து வெதுப்பி, காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் புறப்படுவார்கள். கித்தானோ எண்ணெய்ப் பிசுக்கோ பற்றிக்கொள்ளாமல் சட்டியின் அருகிலேயே காவல் இருக்கவேண்டும். 1941ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படை, டாங்கிகளுக்கும் லாரிகளுக்கும் அடியில் தீமூட்டியே அவற்றை எழுப்ப நேர்ந்தது. சிலர் இரவு முழுவதும் எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டு எரிபொருளைத் தீர்த்தனர். இவையெல்லாம் நூல்களில் போரின் ஓரக்குறிப்பாகவே இடம்பெறுகின்றன. எரிபொருள் கலத்துக்கு அடியில் தீமூட்டுகிறவனின் கையிலும் முகத்திலும் அந்த அறிவு எப்படி எழுதப்பட்டது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்நிலையை மாற்றியவர் வாகனத் தொழிலைச் சேர்ந்தவரல்லர் என்பதுதான் நமக்குச் சுவையான செய்தி. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் கிராண்டு ஃபோர்க்ஸ் என்றோர் ஊர். அங்கே கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் கூட்டுறவு அமைப்பின் மேலாளராக இருந்தவர் ஆண்ட்ரூ ஃப்ரீமன். அமெரிக்க நாட்டுப்புறங்களில் பெரும்பகுதி 1930களின் நடுவிலும் இருளில்தான் இருந்தது. தனியார் நிறுவனங்கள் ஆதாயமில்லை என்று ஒதுக்கிய இடங்கள் அவை. 1935இல் கூட்டரசு ஊரக மின்மயமாக்க ஆணையத்தை நிறுவியபின், உழவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே கம்பி இழுத்துக்கொண்டனர். ஃப்ரீமன் அந்த இயக்கத்தின் பிள்ளை. விடியற்காலையில் தம் காரைத் தொடக்கப் பட்ட பாட்டிலிருந்து 1940களில் அவர் ஒரு சிறு சாதனத்தை உண்டாக்கினார். பழைய செப்புக் குழாய்த் துண்டும், துணிதேய்க்கும் இஸ்திரிப்பெட்டியிலிருந்து கழற்றிய சூடேற்றும் இழையும், ரப்பர் உறையிட்ட ஒயருமே அவர் பயன்படுத்திய பொருள்கள். எஞ்சினின் தலைமூடியை இறுக்கியிருக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, உள்ளே சூடேற்றும் இழையுள்ள போல்ட் ஒன்றை அவ்விடத்தில் முடுக்குவதே அவர் முறை. ‘ஹெட்போல்ட் ஹீட்டர்’ என்ற பெயர் அதனால் வந்தது. 1949 நவம்பர் 8ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

மின்சாரம் விற்கும் சங்கத்தின் மேலாளர், இரவெல்லாம் மின்சாரம் குடிக்கும் சாதனம் ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று சிரிக்கவும் இடமுண்டு. நாம் அதைக் குறையாகக் கருதவில்லை. வீட்டு வாசல்வரை கம்பி வந்திருந்ததால்தான் அந்த எண்ணமே அவருக்குத் தோன்றியிருக்கமுடியும். அவருக்கு முன்னரும் குளிர் இருந்தது, எஞ்சின் இருந்தது, இஸ்திரிப்பெட்டி இருந்தது. இல்லாதிருந்தது வாசலில் ஒரு பிளக் செருகும் இடம்தான்.

பின்னர் இச்சாதனம் போல்ட்டிலிருந்து எஞ்சின் பிளாக்கின் பக்கச்சுவருக்கு இடம்பெயர்ந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது அதனுள் நீரோடும் வழிகளை உண்டாக்க மணலால் செய்த கரு வைக்கப்படுகிறது. இரும்பு இறுகியபின் அம்மணலை வெளியே கொட்டச் சுவரில் வட்டத் துளைகள் வேண்டும். பின் அத்துளைகளைத் தகட்டு மூடிகளால் அடைத்துவிடுவார்கள். வார்ப்படத் தொழில் தெரிந்த கோவைக்காரர் எவரும் இதை உடனே புரிந்துகொள்வார். ஆனால் ஆங்கிலம் பேசும் மெக்கானிக்குகள் இம்மூடியை ‘ஃப்ராஸ்ட் பிளக்’ என்றும் அழைக்கின்றனர். உள்ளே நீர் உறைந்து பெருத்தால் மூடி தெறித்துவிழுந்து பிளாக்கைக் காக்கும் என்ற நம்பிக்கையில் எழுந்த பெயர் அது. சில வேளை அவ்வாறு தெறிப்பதும் உண்டு. பிளாக்கே வெடித்துவிடுவதும் உண்டு. பிழையான சொற்பிறப்பு மக்கள் வழக்கில் நிலைபெறுவது மொழிப்பாடம் நடத்துவோர்க்குப் புதிதன்று. இந்தத் துளைகளில் ஒன்றில்தான் பிளாக் ஹீட்டர் குடியேறியது. வீட்டில் வாளித் தண்ணீரில் போடும் வாட்டர் ஹீட்டரின் தம்பி அது. குளிர்நீரை மெல்லச் சூடாக்கும். சூடான நீர் தானே மேலேறிச் சுற்றி, இரும்பு முழுவதையும் வெதுப்பும்.

காருக்கு 400 வாட் போதும். டீசல் பிக்கப் ட்ரக்குகளுக்கு 750 முதல் 1,000 வாட், பெரிய லாரிகளுக்கு அதற்கும் மேல். இதில் வணிகம் செய்த வேடிக்கை ஒன்றும் உண்டு. பல டீசல் ட்ரக்குகளில் சூடேற்றும் இழையைத் தொழிற்சாலையிலேயே பிளாக்கில் பொருத்திவிடுகிறார்கள். ஆனால் அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வடத்தைத் தருவதில்லை. வேண்டுமானால் தனியே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளவேண்டும். வீணையைக் கொடுத்துவிட்டுத் தந்தியைக் கடையில் வாங்கிக்கொள் என்பதுபோல. இதனால் வடத்தைத் தம் கையாலேயே பொருத்திக்கொள்வது அந்நாடுகளில் வண்டி வைத்திருப்போரின் இலையுதிர்காலக் கடமைகளுள் ஒன்றாயிற்று. ஃப்ரீமன் தம் வீட்டில் தொடங்கியது இன்றும் வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது எனலாம்.

வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடியது. ஆனால் கவனம் வேண்டுவது. எஞ்சின் முற்றும் ஆறியிருக்கவேண்டும். பிளாக்கின் பக்கவாட்டில், பெரும்பாலும் கை நுழைய அரிதான இடத்தில், அழுக்கு மூடியின்கீழ் இழையின் முனைகள் ஒளிந்திருக்கும். மூடியை எடுத்து முனைகளைத் துடைத்து, வடத்தைச் செருகுமுன் மீட்டரால் அவற்றின் மின்தடையை அளந்துவிடுவது அறிவுடைமை. அந்நாட்டு 120 வோல்ட்டில் 1,000 வாட் இழை என்றால் 14 ஓம் அளவில் காட்டும்; எதுவும் காட்டாவிட்டால் இழை அறுந்தது, வடத்துக்குச் செலவழித்துப் பயனில்லை. நீர் புகாதிருக்க மின்கடத்தாப் பசையைச் சிறிது தடவி, பூட்டு விழும் ஓசை கேட்கும்வரை அழுத்தவேண்டும். அரைகுறையாகச் செருகிய இணைப்புதான் சூடேறி உருகித் தீப்பிடிக்கிறது.

உண்மையான திறமை அதன் பிறகு வருகிறது. வடத்தை எவ்வழியே வெளியே கொண்டுவருவது? புகைக்குழாயும் டர்போவும் சுடும். விசிறியும் பெல்ட்டும் இழுத்துக்கொள்ளும். ஸ்டியரிங் தண்டு முறுக்கும். தகட்டின் கூர்விளிம்பு உறையைக் கிழிக்கும். இவை எல்லாவற்றையும் விலக்கி, பிளாஸ்டிக் நாடாக்களால் இடையிடையே கட்டி, முன்பக்கம் கொண்டுவரவேண்டும். மிக இறுக்கியும் கட்டலாகாது. எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் குலுங்கும் இயல்புடையது, வடம் அதற்கு இடங்கொடுக்கவேண்டும். பாத்தி கட்டி நீர் பாய்ச்சுபவன் வாய்க்காலுக்கு வழி பார்ப்பது போன்றது இது. புத்தகம் பாதிதான் சொல்லும். மீதியைக் கண்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். வெளியே செல்லும் நீட்டிப்பு ஒயர் தடித்ததாகவும், தரைக்கம்பியுடன் மூன்று பின் உடையதாகவும் இருக்கவேண்டும். மெல்லிய ஒயர் 1,000 வாட்டைத் தாங்காமல் தானே சூடாகும். செருகிய சில நிமிடங்களில் கெண்டியில் நீர் முனகத் தொடங்குவதுபோல் மெல்லிய ஒலி கேட்டால் வேலை பலித்தது. இழையே இல்லாத எஞ்சினில் புதிதாகப் பொருத்துவதென்றால் கதை வேறு. குளிர்நீரை வடித்து, தகட்டு மூடியைத் தட்டி எடுத்து, இழையை வைத்து, மீண்டும் நீர் நிரப்பிக் காற்றுக்குமிழி இல்லாமல் வெளியேற்றவேண்டும். நீர் சூழாத இழைக்கு மின்சாரம் கொடுத்தால் நொடிகளில் கருகும்.

இரவு முழுவதும் செருகிவைப்பது வீண். தொடக்குவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு போதும் என்பதால் பலர் நேரங்காட்டி ஸ்விட்ச் வைத்துக்கொள்கின்றனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். குளிர் எஞ்சின் என்பது வெளிநாட்டுச் செய்தி என்று ஒதுக்க முடியாதபடி இந்தியாவுக்கு ஒரு வடக்கு இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேலிருக்கும் திராஸ், கார்கில், லே ஆகிய ஊர்கள் இருக்கும் பகுதியில் குளிர்காலத்தில் சுழிக்குக் கீழே 20, 30 பாகைவரை இறங்குவதுண்டு. தமிழகத்து லாரிக்கும் அத்திசை அந்நியமன்று. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரிகள் காஷ்மீர்வரை சரக்கேற்றிச் செல்பவை. எண்ணூரில் தோன்றிய அசோக் லேலண்டு நிறுவனத்தின் ‘ஸ்டாலியன்’ லாரிகளோ இராணுவத்தின் சுமைதாங்கிகளாக அம்மலைகளில் ஓடுகின்றன.

தெற்கிலிருந்து செல்லும் ஓட்டுநருக்கு வரும் முதல் இடர், அவர் கலத்திலேயே இருக்கிறது. இந்தியத் தரநிர்ணயத்தின்படி சாதாரண டீசல் கோடைக்காலத்தில் 15 பாகையிலும், குளிர்காலத்தில் 3 பாகையிலும் தன் ஓட்டத்தை இழக்கலாம். அதற்கு முன்னதாகவே இழக்கக்கூடாது என்பதுதான் விதி. சமவெளியில் நிரப்பிய அந்த டீசலுடன் மலையேறி ஓரிரவு நிறுத்தினால், காலையில் கலத்தில் இருப்பது எண்ணெயன்று, களி. மண்ணெண்ணெய் கலப்பது, ரேடியேட்டர் நீரை இரவில் வடித்துவிடுவது, வண்டியின் முகம் காலை வெயிலைப் பார்க்க நிறுத்துவது என்று ஓட்டுநரிடையே வழிவழியாக வந்த உபாயங்கள் பல. கடைசி உபாயம் டீசல் கலத்துக்கும் எஞ்சினுக்கும் அடியில் தீமூட்டுவது. காஷ்மீரத்து மனிதர் தம் நீண்ட அங்கிக்குள் காங்ரி என்னும் தணல்சட்டியை வைத்துக்கொள்வது உலகறிந்தது. லாரிக்கும் வயிற்றுக்கடியில் ஒரு காங்ரி. ஆனால் லாரியின் வயிற்றில் எண்ணெய்க் கசிவும், பிரேக்குக் காற்றுக் குழாய்களும், ஒயர்களும், காய்ந்த பிசுக்கும் இருக்கின்றன. அடுத்த ஆபத்து மேலே கேபினுக்குள். வண்டியைக் காய்ச்சிய கரியடுப்பைத் தம் குளிருக்கும் உள்ளே எடுத்துவைத்துக்கொண்டு கதவை மூடித் தூங்குகிறவரை நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு எழுப்புவதில்லை. சரக்கு சேர்ந்ததா என்பதுதான் பதிவேட்டில் ஏறுகிறது. எந்த இரவை எப்படிக் கழித்து வண்டி வந்தது என்பதற்கு அங்கே பத்தி இல்லை.

2019ஆம் ஆண்டு இவ்வகையில் இரண்டு காரணங்களால் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சீநகர்ப் பக்கத்து அலுஸ்தெங்கிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லே வரை, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 220 கிலோவோல்ட் மின்வழித்தடம் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. அதுவரை லடாக் தேசிய மின்வலையத்துக்கு வெளியே நின்றது. நவம்பர் 17ஆம் நாள் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் குளிர்கால டீசல் லடாக்கில் அறிமுகமாயிற்று. பானிப்பட்டு சுத்திகரிப்பாலையில் உருவான அது சுழிக்குக் கீழே 33 பாகைவரை ஓட்டம் இழப்பதில்லை. (அதற்கு ஐந்து நாள் கழித்து, நவம்பர் 22இல், சங்கரன்கோவில் புதிய தென்காசி மாவட்டத்துக்குள் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, எனினும் நம் நினைவில் ஒட்டிக்கொள்ள உதவுகிறது.)

குளிர்கால டீசல் மெழுகுக்கு மருந்து. குளிர்ந்த இரும்புக்கு அன்று. கலத்தின் அடியில் தீ வேண்டாமல் போகலாம், எஞ்சினுக்கு வெம்மை இன்னும் வேண்டும். அங்கேதான் முதலில் வந்த செய்தியின் மதிப்பு இருக்கிறது. பாபநாசத்திலிருந்து கம்பி வந்தபின் நம் பகுதியில் ஊதுவிளக்கு அணைந்தது. வட டக்கோட்டாவில் கூட்டுறவுக் கம்பி வந்தபின் ஃப்ரீமனின் வடம் பிறந்தது. திராஸுக்கும் இப்போது கம்பி வந்துவிட்டது. ஆனால் கம்பி ஊருக்கு வருவது ஒன்று, லாரி நிற்கும் இடத்துக்கு வருவது மற்றொன்று. எட்மன்டனில் வாகன நிறுத்துமிடங்களிலேயே பிளக் செருகும் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. சோஜி லா கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் வழி திறக்கக் காத்து இரவு முழுவதும் நிற்கும் லாரிகளின் பக்கத்திலும் அத்தகைய கம்பங்கள் நிற்கவேண்டும் என்பது நம் கருத்து. 2025 ஜனவரி 13இல் சோனமார்க் சுரங்கம் திறக்கப்பட்டது. சோஜி லாவைக் குடையும் பெரிய சுரங்கமும் முடிந்துவிட்டால், முன்பு குளிர்காலத்தில் மூடிக்கிடந்த அச்சாலையில் லாரிகள் ஆண்டு முழுவதும் ஓடும். உறைகுளிரில் எஞ்சினை எழுப்பவேண்டிய விடியல்களும் அதற்கேற்பக் கூடும்.

வெளிநாட்டு ஹீட்டரை வரவழைத்துப் பொருத்தலாம் என்று எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 120 வோல்ட்டுக்குச் செய்த 1,000 வாட் இழையை நம் 230 வோல்ட்டில் செருகினால் அது 3,600 வாட்டுக்கு மேல் இழுக்க முயன்று எரிந்துபோகும். இழையும் வடமும் நம் மின்னழுத்தத்துக்குச் செய்தவையாக இருக்கவேண்டும். ஐரோப்பிய நாடுகளும் 230 வோல்ட்டிலேயே இயங்குவதால் பின்லாந்து, நார்வே, சுவீடன் பக்கத்துச் சாதனங்கள் நமக்குப் பொருந்துபவை. அத்தகைய 1,000 வாட் ஹீட்டர் ஒன்று விடியலுக்கு முன் நான்கு மணி நேரம் எரிந்தால், ஒரு லாரிக்கு ஓர் இரவில் ஆகும் மின்செலவு நான்கு யூனிட்.